இலவங்கப்பட்டை: சோதனைக் குழாயிலிருந்து மனித உடலுக்கு



நறுமணப் பொருள்களின் ஆன்டிஆக்சிடன்ட் பண்புகளை ஆராயும் இக்கருத்தரங்குக்கு என்னைத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி. எல்லா நறுமணப் பொருள்களையும் பற்றி நான் பேசப்போவதில்லை. இலவங்கப்பட்டை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். வந்திருக்கும் ஆய்வுச் சுருக்கங்களில் மிகுதியாக இடம்பெறுவது அதுதான். காலையில் வெறும் வயிற்றில் பட்டைத் தண்ணீர் குடித்தால் உடலிலுள்ள ஃப்ரீ ராடிக்கல்கள் அழிந்துவிடும் என்று நம்பி, சர்க்கரை நோய்க்கான மாத்திரையைத் தாமாகவே குறைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நாம் இங்கே பேசுவது ஆய்வகத்தோடு முடிந்துபோகும் பேச்சு அன்று.

இணை சேராத ஓர் எலக்ட்ரானைத் தாங்கி நிற்கும் அணுவோ மூலக்கூறோதான் ஃப்ரீ ராடிக்கல். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள அது அருகிலுள்ள மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது தானும் ராடிக்கலாகி அடுத்ததைத் தாக்கும். 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் முதன்முதலாக ஒரு கரிம ராடிக்கலைக் கண்டறிந்தார். உயிருள்ள உடலுக்குள்ளும் இவை தீங்கு செய்கின்றன என்று சொல்ல அதன் பிறகு அரை நூற்றாண்டு பிடித்தது. 1954-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார்கள். மிகை ஆக்சிஜன் உடலுக்கு நஞ்சாவதும் எக்ஸ் கதிர் உடலைச் சிதைப்பதும் ஒரே வழியில்தான், இரண்டிலும் ஃப்ரீ ராடிக்கல்களே காரணம் என்றார்கள். இரண்டாண்டு கழித்து டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கும் இவையே காரணம் என்றார். ஹார்மனின் பெயர் எல்லா நூல்களிலும் வருகிறது. கெர்ஷ்மனின் பெயர் அரிதாகவே வருகிறது. நம் மாணவர்கள் அந்தப் பெண் விஞ்ஞானியைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆயினும் இந்தத் துறையை உறுதியான தரையில் நிறுத்தியது 1969-ஆம் ஆண்டுதான். டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். சூப்பராக்சைடு என்ற ராடிக்கலை அகற்றுவதற்கென்றே நம் செல்களில் ஒரு நொதி இருக்கிறது என்றால், அந்த ராடிக்கல் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது என்றுதானே பொருள்? ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். அதில் மிகச் சிறு பங்கு மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்து சங்கிலியில் கசிந்து சூப்பராக்சைடாக மாறுகிறது. டிஸ்ம்யூட்டேஸ் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கும். இந்த ஒழுங்கு தடுமாறி, தளர்ந்த நிலையிலுள்ள இரும்பு அயனி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால், ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது. 1894-இல் ஃபென்டன் விவரித்த அதே வினைதான் இது. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். பிறந்த இடத்திலேயே, எதிர்ப்படும் எதையும் தாக்கிவிட்டு மறைந்துவிடும். செல்படலத்தின் கொழுப்பு அமிலங்களில் சங்கிலி வினை தொடங்குகிறது. டிஎன்ஏவின் குவானின் காரம் உருமாறுகிறது. ரத்தத்திலுள்ள எல்டிஎல் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து தமனிச் சுவரில் படிகிறது. நீரிழிவில் ரத்த குளுக்கோஸ் ஏற ஏற மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பராக்சைடும் ஏறுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் நேரும் சேதங்களுக்கு அது பொதுவான ஒரு வேர் என்று மைக்கேல் பிரவுன்லீயின் ஆய்வுகள் விளக்கின.

இதைக் கேட்டவுடன் ராடிக்கல்கள் அனைத்தையும் அழித்துவிட்டால் நல்லது என்று தோன்றும். அங்கேதான் நாம் நிற்க வேண்டும். நம் வெள்ளணுக்கள் பாக்டீரியாவைக் கொல்லுவது சூப்பராக்சைடை வேண்டுமென்றே பொழிந்துதான். அதை உண்டாக்கும் நொதி பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகள் நாள்பட்ட கிரானுலோமா நோயால் ஓயாத தொற்றுகளுக்கு ஆளாகிறார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ராடிக்கல்தான்; அதை ஆராய்ந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடற்பயிற்சியின்போது தசைகளில் எழும் ராடிக்கல்கள், உடல் தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுசெல்கின்றன. பயிற்சி செய்தவர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய நன்மை தடைப்பட்டதை 2009-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு காட்டியது.

இதைவிடக் கசப்பான பாடம் பின்லாந்திலிருந்து வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய சோதனையைக் கேடு தெரிந்தவுடன் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் தின்பது நல்லதுதான். கேரட்டிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்துப் பெரும் அளவில் விழுங்குவது வேறு செயல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த ஆய்வுக் கட்டுரையும் மக்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது என் உறுதியான கருத்து.

இனி இலவங்கப்பட்டைக்கு வருகிறேன். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்று அழைக்கும் சின்னமோமம் வெரம் மரத்தின் உள்பட்டை அது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் தண்டுகளை வெட்டி, வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைத் தண்டால் அழுத்தித் தேய்த்து உள்பட்டையைத் தளர்த்தி, கிழியாமல் உரித்தெடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற கைகளால் மட்டுமே முடிகிற வேலை. ஒரே மரத்தின் பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு, இலை எண்ணெயில் யூஜினால், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரம் என்று மூன்று வேறு வேதிப்பொருள்கள் மேலோங்கி நிற்பது வியப்புக்குரியது. பட்டையில் இவற்றோடு புரோசயனிடின் வகைப் பாலிஃபீனால்களும் உண்டு. ஆன்டிஆக்சிடன்ட் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் இவற்றைத்தான் மனத்தில் கொள்கிறோம்.

இவற்றின் ஆற்றலை எப்படி அளக்கிறோம்? நம் ஆய்வகங்களில் பழக்கமானது டிபிபிஹெச் சோதனை. ஊதா நிறக் கரைசலில் பட்டைச் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளிறுகிறது. 517 நானோமீட்டரில் அளந்து சதவீதம் எழுதிவிடுகிறோம். செலவு குறைவு, விரைவாக முடிகிறது, முடிவும் அழகாக வருகிறது. ஆனால் டிபிபிஹெச் என்ற அந்த ராடிக்கல் மனித உடலில் எங்கும் இல்லை. ஓராக் என்ற இன்னோர் அளவுகோலில் அரைத்த இலவங்கப்பட்டை உணவுப் பொருள்களின் வரிசையில் உச்சத்துக்கு அருகே நின்றது. விளம்பரங்கள் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டன. அந்தப் பட்டியலை வெளியிட்ட அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் அதைத் தன் தளத்திலிருந்து நீக்கியது. சோதனைக் குழாயின் எண்ணை மனித உடலுக்குப் பொருத்த முடியாது, நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது. அந்த எண்ணை இன்றும் நம் கட்டுரைகளின் முன்னுரையில் காண்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். பாலிஃபீனால் நிறைந்த உணவை உண்ட பின்னும் ரத்தத்தில் அவற்றின் செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவைத் தாண்டுவதில்லை. அதே ரத்தத்தில் யூரிக் அமிலம், அதுவும் ஓர் ஆன்டிஆக்சிடன்ட்தான், 200 முதல் 400 மைக்ரோமோல் வரை எப்போதும் இருக்கிறது. சின்னமால்டிஹைடோ உடலில் நுழைந்தவுடன் சின்னமிக் அமிலமாகி, இறுதியில் ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆக, நாம் உண்ணும் சிட்டிகைப் பட்டை ரத்தத்தில் நேரே ராடிக்கல்களைத் துரத்திப் பிடிக்கிறது என்ற சித்திரம் நிற்காது.

அப்படியானால் பட்டையால் பயனே இல்லையா? அங்கேதான் எனக்கு இந்தத் துறையில் உண்மையான ஆர்வம் பிறக்கிறது. 1999-இல் மசாயுகி யமமோட்டோவின் குழு கீப்1 என்ற புரதத்தை அடையாளம் கண்டது. என்ஆர்எஃப்2 என்ற மற்றொரு புரதத்தை அது கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. சின்னமால்டிஹைடு, தயோல் குழுக்களோடு வினைபுரியும் இயல்புள்ளது. கீப்1-இல் உள்ள சிஸ்டீன்களை இத்தகைய பொருள்கள் தொட்டவுடன் பிடி தளர்ந்து, என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, குளுட்டாதயோனை உற்பத்தி செய்யும் நொதிகள் உட்படப் பல பாதுகாப்பு நொதிகளின் மரபணுக்களை இயக்குகிறது. மனிதக் குடல் செல்களில் சின்னமால்டிஹைடு இதைச் செய்வது காட்டப்பட்டிருக்கிறது. அதாவது, பட்டை தானே வாளேந்திப் போரிடும் வீரன் அல்ல. உறங்கும் காவலர்களைத் தட்டி எழுப்புபவன். அதன் லேசான உறுத்தலே அதன் மருந்து. இந்தக் கோணத்தில் பார்த்தால் சிறு அளவு ஏன் போதும், பெரிய அளவு ஏன் ஆபத்து என்பதும் விளங்கும்.

மனிதர்களிடம் கிடைத்த சான்று சிறிது, ஆனால் இருக்கிறது. உடற்பருமனும் உயர்ந்த வெறும்வயிற்றுச் சர்க்கரையும் உள்ள 22 பேரிடம் 12 வாரம் பட்டையின் நீர்ச்சாற்றைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சாற்றை உட்கொண்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் கூடியது; கொழுப்புச் சிதைவைக் காட்டும் மலோன்டையால்டிஹைடு குறைந்தது. சர்க்கரை விஷயத்தில் 2003-இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு பெரும் நம்பிக்கை ஊட்டியது. சென்னை லயோலா கல்லூரியின் ஆய்வாளர்கள் 2007-இல் நீரிழிவு எலிகளில் சின்னமால்டிஹைடு சர்க்கரையைக் குறைப்பதைக் காட்டினார்கள். ஆனால் 2012-இல் காக்ரேன் மதிப்பாய்வு, 577 பேர் பங்கேற்ற 10 சோதனைகளை ஒருங்கே எடைபோட்டு, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன்.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட ஒரு முக்கியக் காரணம், எந்தப் பட்டை என்று பல ஆய்வுகள் தெளிவாகச் சொல்லாததுதான். நம் ஊர் மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கெட்டியான காசியா. சீனாவிலும் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் விளையும் வேறு இனங்கள் அவை. இலங்கைப் பட்டை காகிதம்போல் மெலிந்து, பல அடுக்காகச் சுருண்டிருக்கும்; விலையும் கூடுதல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதிகள் இரண்டையும் தனித்தனியே வரையறுத்திருக்கின்றன. கடைத்தெருவில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. காசியாவில் கூமரின் என்ற பொருள் கிலோவுக்குச் சராசரியாக 3 கிராம் அளவில் உண்டு; இலங்கைப் பட்டையில் மிகச் சொற்பம். கூமரின் மிகுந்தால், அதைத் தாங்காத சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 மில்லிகிராம். அதாவது 2 கிராம் காசியாப் பொடியிலேயே அந்த வரம்பு நிரம்பிவிடும். பாகிஸ்தான் ஆய்வில் சிலருக்குக் கொடுத்தது நாளுக்கு 6 கிராம் காசியா. நாற்பது நாளுக்கு அது சரி என்றாலும், ஆண்டுக்கணக்கில் பட்டைத் தண்ணீர் குடிப்பவர்களின் நிலை என்ன? வாரம் ஒருமுறை பிரியாணியில் போடும் துண்டைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டாம். நாள்தோறும் கரண்டிக் கணக்கில் பொடி உண்பவரைப் பற்றியே என் கவலை.

பொடியைப் பற்றி இன்னொன்று. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் கலந்த இலவங்கப் பொடியில் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் இருந்ததால் பல நூறு குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஈயம் குளுட்டாதயோனைக் குறைத்து ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும் நஞ்சு. ராடிக்கலைத் தணிக்க உண்ணும் பொருளே ராடிக்கலைப் பெருக்கும் நஞ்சைச் சுமந்துவந்தால் நம் ஆய்வுக்கு என்ன மதிப்பு? முழுப்பட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைப்பது நல்ல வழக்கம்.

இந்த அரங்கிலுள்ள இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் கட்டுரையில் தாவரவியல் பெயரையும், அடையாளம் உறுதிசெய்த மாதிரியையும், கூமரின் அளவையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். டிபிபிஹெச்சோடு நிறுத்தாதீர்கள். சிறுநீரில் எஃப்2 ஐசோபுரோஸ்டேன் அளக்கும் முறை 1990 முதலே இருக்கிறது. உடலுக்குள் நடந்த கொழுப்புச் சிதைவை அது நேரடியாகச் சொல்லும். அதற்கான கருவி உங்கள் துறையில் இல்லையென்றால், அது உள்ள நிறுவனத்தோடு கைகோத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவர்கள் பட்டையைத் தனியாக அன்றி, பிற சரக்குகளோடு சேர்த்து, அளவறிந்து கொடுத்துவருகிறார்கள். அந்த அளவிலேயே, அந்தச் சேர்க்கையிலேயே, மனிதர்களிடம் ஒழுங்கான ஒப்பீட்டுச் சோதனை நடத்த ஆய்வாளர்களும் சித்த மருத்துவர்களும் கருத்தரங்கின் இந்த இரண்டு நாளில் ஒரு வரைவையாவது தயாரிக்க வேண்டும். மருத்துவர்களே, பட்டை உண்கிறீர்களா என்று நோயாளியிடம் கேளுங்கள். உண்ணலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்தப் பணிகளை உங்கள் முன் வைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன்.