தளத்துக்குள் ஓடும் தண்ணீர்

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சித்திரை மாதத்து ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டி வெகுநேரமாகியும் தலைக்கு மேலே தளம் அனலடிக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது கதிர்வீச்சாக நம்மீது இறக்கிக்கொண்டே இருக்கும். சரி, அதே தளத்தைக் குளிர வைத்துவிட்டால்? நம் உடம்புச் சூடு தளத்துக்குப் போகத் தொடங்கும். கதிர்வீச்சுக் குளிரூட்டல் இதுதான்.

கான்கிரீட்டுக்குள் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓட விடுகிறோம். வழக்கமான பெரிய ஏசிக்குத் தண்ணீரை 7 டிகிரி வரை குளிர்விப்பார்கள். இதற்கு 15, 16 டிகிரியே போதும். மின்சாரம் மிச்சமாவது அங்கேதான். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏசியும் மறுபாதிக்கு இந்த முறையும் வைத்துப் பார்த்தது. அந்த ஏசியும் சாதாரணமானதல்ல, நன்றாகத் திட்டமிட்டுச் செய்தது. அப்படியும் குழாய் பதித்த பாதிக்கு 34 சதவீதம் குறைவான மின்சாரமே செலவானது.

இப்படிக் குழாய் பதிப்பதுதான் என் வேலை; அதில் எனக்கு மிகவும் பிடித்தது தளம் போடும் நாள். கம்பிகளின் மேல் குழாயை வளைத்து வளைத்துக் கட்டியிருப்போம். உள்ளே காற்றை அழுத்தி அடைத்து, பிரஷர் கேஜ் மாட்டிய பிறகுதான் கான்கிரீட் கொட்டவே விடுவோம். எங்காவது ஓட்டை விழுந்தால் முள் இறங்கும். ஒரு முறை அப்படித்தான் மெல்ல இறங்கியது. எந்த இடம் என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, கலவை தள்ளிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "சார், இங்க குமிழ் விடுது பாருங்க" என்றார். ஈரக் கலவையை அங்கேயே கையால் அள்ளி ஒதுக்கி, குழாயை வெட்டி, இணைப்புப் போட்டு, அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டோம். முள் நின்றது. கான்கிரீட் இறுகிய பிறகு தெரிந்திருந்தால் தளத்தை உடைத்திருக்க வேண்டும். அந்த அக்காவின் கண்ணை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

சென்னைக்காரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். குளிர்ந்த தளத்தில் ஈரக் காற்று பட்டால் தளம் வியர்த்துச் சொட்டும். ஆகவே வெளிக்காற்றைத் தனி இயந்திரத்தில் ஈரம் நீக்கித்தான் அறைக்குள் விட வேண்டும். ஜன்னலைத் திறந்து போடவும் கூடாது. இந்த இயந்திரத்தின் செலவைக் குறைக்கப் பார்ப்பவர்களிடம் நான் வேலையே எடுத்துக்கொள்வதில்லை.



புதிதாக மருத்துவமனையோ கல்லூரியோ கட்டவிருக்கும் நேயர்கள், வரைபடம் போடும்போதே உங்கள் பொறியாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். தளம் போட்ட பிறகு கேட்டால் குழாய் பதிக்க இடமிருக்காது. கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.