மன்னார்குடி ரயில் போய்ச் சேரும் ஊர்

மன்னார்குடியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு விரைவு ரயில் கிளம்புகிறது. பெட்டியில் தொங்கும் பலகையில் ‘பகத் கி கோத்தி’ என்று எழுதியிருக்கும். அது ஏதோ கோவில் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. ஜோத்பூர் நகரத்தின் ஓரத்திலிருக்கும் ரயில் நிலையம் அது. டெல்டா வயலில் ஏறுகிறவர் இரண்டு இரவு ரயிலில் தூங்கி எழுந்தால், மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே வன்னி மரமும் முள்செடியும் ஒட்டகமுமாக நிலம் மாறியிருக்கும். தார்ப் பாலைவனத்தின் வாசல் அதுதான்.

நேயர்களே, அந்த ரயிலில் போக நல்ல காலம் எது தெரியுமா? நவராத்திரி கொலுவை எடுத்து வைத்த கையோடு கிளம்பிவிட வேண்டும். விஜயதசமிக்கு ஐந்தாம் நாள் பௌர்ணமி. வடக்கே அதைச் சரத் பூர்ணிமா என்பார்கள். மழைக்காலம் முடிந்து தூசியெல்லாம் அடங்கிய வானத்தில், ஆண்டின் மிகத் தெளிவான நிலா அன்று வரும் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. அந்த நிலாவை ஒட்டி ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் 2007 முதல் ஒரு நாட்டுப்புற இசைவிழா நடந்துவருகிறது. ராஜஸ்தான் சர்வதேச நாட்டுப்புற விழா என்பது முழுப்பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரிஃப்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஜோத்பூர் அரச குடும்பத்தின் கஜ் சிங் அதற்குப் புரவலர். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் இன்னொரு புரவலர். இந்த இரண்டு பெயர்களைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போடும். போகட்டும். விழாவுக்கு உயிர் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களின் மணல் கிராமங்களிலிருந்து, பழைய துணியில் சுற்றிய வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்குகிறார்கள்.

முதலில் கோட்டை. ராவ் ஜோதா என்ற ராத்தோர் அரசர் 1459-இல் அடிக்கல் நாட்டியது. ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஏறத்தாழ 400 அடி உயரப் பாறை, அதன்மேல் பாறையிலிருந்தே முளைத்தது போன்ற மதில். மலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மேலே ஏறித் திரும்பினால் கீழே ஊர் நீலமாகத் தெரியும். நம்மூரில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்போமே, அதை நாலு மடங்கு தாராளமாகக் கலந்துவிட்டது போன்ற நிறம். மதிலின் மறுபக்கம், வெள்ளைச் சலவைக்கல்லில் ஜஸ்வந்த் தடா. மகாராஜா இரண்டாம் ஜஸ்வந்த் சிங்கின் நினைவாக 1899-இல் எழுந்த மண்டபம். கல்லை அவ்வளவு மெல்லியதாக இழைத்திருப்பதால் வெயில் விழும்போது சுவரே உள்ளுக்குள் விளக்கேற்றியது போல ஒளிரும்.

விழாவின் ஆகச் சிறந்த நேரம் இந்த ஜஸ்வந்த் தடாவின் படிகளில்தான், அதுவும் விடிவதற்கு முன்னால். பனி லேசாக இறங்கியிருக்கும். வந்தவர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கல் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வெள்ளை அங்கியும் பல வண்ண முண்டாசுமாக நாலைந்து பேர். ஒருவர் கமாயச்சாவை நிமிர்த்தி வைத்துச் சுருதி கூட்டுகிறார்.

கமாயச்சா என்பது பானை வயிறு கொண்ட வில் வாத்தியம். ஒரே மரத்தைக் குடைந்து செய்வது, பெரும்பாலும் மாமரம் அல்லது சீஷம். வயிற்றின்மேல் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியிருக்கும். மூன்று முக்கியத் தந்திகள் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. அவற்றோடு சேர்ந்து அதிர்வதற்கென்று பக்கத்தில் உலோகத் தந்திகள், மொத்தம் பதினேழு. குதிரைமயிர் வில்லை இழுத்ததும் வருகிற ஒலி வயலின் போல மெருகேறியது அல்ல. கரகரப்பும் ஈரமும் கலந்தது. நன்றாகப் பாடி முடித்த ஒரு கிழவரின் தொண்டை போன்றது. ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த சாகர் கான் அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அடுத்த ஆண்டே மறைந்தார்.

இந்தக் கலைஞர்கள் யார்? இரண்டு குலங்களின் பெயர் அடிக்கடி காதில் விழும். ஒன்று மாங்கனியார், இன்னொன்று லாங்கா. (லாங்காவுக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.) இருவருமே முஸ்லிம்கள், இருவருக்குமே இசைதான் குலத்தொழில். லாங்காக்களின் புரவலர்கள் சிந்தி சிபாய்கள் என்ற முஸ்லிம் குடும்பங்கள். மாங்கனியார்களின் புரவலர்களோ பெரும்பாலும் இந்து ராஜபுத்திரர்கள். அதனால் ஐந்து வேளை தொழுகிற ஒரு மாங்கனியார், ராஜபுத்திரர் வீட்டில் குழந்தை பிறந்தால் கிருஷ்ணன் பிறப்பைப் பாடுவார். கல்யாணத்துக்கு விநாயகரை அழைப்பார். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானா சாகிபின் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

புரவலர் என்றால் கச்சேரிக்குச் சம்பளம் கொடுப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. அது தலைமுறை தலைமுறையாக வரும் கட்டு. புரவலர் குடும்பத்தின் வம்சாவளி முழுவதும் பாடகருக்கு மனப்பாடம். பத்துத் தலைமுறைக்கு முன்னால் யார் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார் என்பதை அந்த வீட்டுக்காரர் மறந்திருப்பார், பாடகர் மறக்க மாட்டார். பதிலுக்குத் தானியம், ஆடு, ஒட்டகம், பணம். இந்த உறவில் பாடகர் கை தாழ்ந்தே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. புரவலர் முறை தவறினால் பாடகர் அவருக்குச் ‘சுபராஜ்’ என்ற புகழ்மொழி சொல்வதை நிறுத்திவிடுவார். அப்படியும் வழிக்கு வராவிட்டால், தன் வாத்தியத்தின் தந்தியை அந்த வீட்டு வாசலில் புதைத்து உறவை அறுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிய ஒருவரை அவமானப்படுத்த அதைவிடக் கூர்மையான ஆயுதம் பாலைவனத்தில் கிடையாது.

‘மாங்கனியார்’ என்ற பெயரே கேட்டுப் பெறுதல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. அந்த வாடை பிடிக்காத பலர் இன்று தங்களை ‘மிராசி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். விழா மேடையில் இன்னமும் பழைய பெயர்தான் ஒலிபெருக்கியில் வருகிறது.

இவற்றையெல்லாம் வெளியுலகம் அறிந்துகொண்டதில் பெரும்பங்கு கோமல் கோத்தாரி என்ற ஒரு மனிதருடையது. எழுத்தாளர் விஜய்தான் தேதாவும் அவரும் சேர்ந்து 1960-இல் போரூண்டா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேதா கதைகளைச் சேர்த்தார். கோத்தாரி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பாடகர்களின் கிராமங்களுக்கு அலைந்தார். ராஜபுத்திரர் வீட்டு முற்றத்தைத் தாண்டியிராத குரல்களை நகர மேடைக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் அழைத்துப்போனவர் அவர். ஜோத்பூருக்குப் பக்கத்தில் மோக்லாவாஸ் கிராமத்தில் அவர் கனவு கண்ட ‘அர்ணா ஜர்ணா’ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே காட்சிக்கு வைத்திருப்பது கிரீடமோ வாளோ இல்லை, துடைப்பம்! எந்தப் புல்லில் எந்தச் சாதியார் எந்த வேலைக்குத் துடைப்பம் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து ஒரு நிலத்தைப் படிக்கலாம் என்பது கோத்தாரியின் எண்ணம். விழாவுக்குப் போகிறவர்கள் ஒரு பகலை ஒதுக்கி அங்கும் போய்வர வேண்டும். 2004-இல் அவர் மறைந்தார். விழா தொடங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

பகலில் கோட்டை முற்றங்களில் சிறுசிறு கூட்டங்கள். வாத்தியத்தை எட்டிப் பார்க்கும் தூரத்தில் உட்காரலாம். நம் காதுக்கு அங்கே பல சொந்தக்காரர்கள் கிடைப்பார்கள். ‘கர்தால்’ என்பது நம் பஜனைச் சப்ளாக்கட்டையின் உறவு. ஆனால் சலங்கை கிடையாது. ஒவ்வொரு கையிலும் தனித்தனியாக இரண்டு மரப்பட்டைகள், அவ்வளவுதான். அவற்றை வைத்துக்கொண்டு பையன்கள் அடிக்கிற அடியைக் கேட்டால், மரம்தான் ஒலிக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். ‘மோர்சங்’ என்று ஒருவர் வாயில் வைப்பது நம் கச்சேரி மோர்சிங்கேதான். ‘அல்கோஜா’ என்பது ஒரே வாயில் வைத்து ஊதும் இரட்டைக் குழல். மூச்சு அறாமல் ஊதுவதால் இசைப்பவரின் கன்னம் இரண்டும் மகுடிக்காரர் கன்னம் போல உப்பியே இருக்கும்.

போபாக்கள் என்ற பூசாரிப் பாடகர்கள் கையிலிருக்கும் ராவண்ஹத்தா என்ற வில் வாத்தியம் இன்னும் வேடிக்கை. அதன் குடம் தேங்காய்ச் சிரட்டை. தென்னை நிழலே அறியாத மணலில் சிரட்டை எப்படி வந்தது? இராவணன் செய்த வாத்தியம், அதனால் தெற்கிலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும், சிரட்டை என்னவோ தெற்குதான். போபா அதை இசைத்துக்கொண்டே பாபுஜி என்ற வீரத் தெய்வத்தின் கதையைப் பாடுவார். பின்னால் சுமார் 15 அடி நீளத் திரைச்சீலை. கதை முழுவதும் அதில் ஓவியமாக எழுதியிருக்கும். அவர் மனைவி விளக்கைப் பிடித்து, பாட்டு எந்த இடத்துக்கு வந்ததோ அந்த ஓவியத்துக்கு வெளிச்சம் காட்டி, சேர்ந்து பாடுவார். வழிபாடாக இரவு முழுவதும் நடக்க வேண்டியது அது. விழாவில் அதன் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

இந்த ‘துண்டு’தான் விழாவின் சங்கடமும். இரவில் கோட்டைக்குள் பெரிய மேடை. விளக்கு, ஒலிபெருக்கி, டிரம்ஸ், வெளிநாட்டுக் குழுக்கள். கூட்டம் எழுந்து ஆடுகிறது. மாங்கனியார்கள் மேடைக்கேற்ற வேகத்தில் பாடுகிறார்கள். ‘நிம்பூடா’ போன்ற பாட்டைக் கேட்டால் கைத்தட்டல் பறக்கும். 1999-இல் ‘ஹம் தில் தே சுகே சனம்’ படத்தில் வந்த பிறகு அதைச் சினிமாப் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள், அது இந்த மணலில் முளைத்தது. இரவு மேடையில் கமாயச்சா தோற்றுப்போகிறது. அதன் இடத்தில் ஹார்மோனியம். தூக்கிப்போக எளிது, சுருதி கலையாது, சத்தமும் வரும். குழையும் கமகத்தை மட்டும் அதனால் தர முடியாது. அந்தக் குறைக்காகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது என்பதை ஒரு வானொலி உரையில் சொல்லாமல் விடலாமா?

கலப்பே கூடாது என்று சொல்வதற்கில்லை. கேரளத்துக்காரரான ராய்ஸ்டன் ஏபெல் 2006-இல் ‘மாங்கனியார் செடக்‌ஷன்’ என்ற நிகழ்ச்சியை அமைத்தார். நான்கு அடுக்காக 36 சிவப்புத் திரைப் பெட்டிகள். முதலில் ஒரே பெட்டியின் திரை விலகும், ஒரே வில் ஒலிக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, சுற்றிலும் விளக்கு எரிந்து, கடைசியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இசைப்பார்கள். ஒவ்வொரு ஆளும் தனித்துத் தெரியும்படி செய்ததுதான் அதன் கெட்டிக்காரத்தனம். 2015-இல் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட், இஸ்ரேலிய இசையமைப்பாளர் ஷை பென் சூர் இருவரும் ராஜஸ்தானியக் கலைஞர்களோடு இதே மெஹ்ரான்கர் கோட்டையில் தங்கி ‘ஜுனூன்’ தொகுப்பைப் பதிவு செய்தார்கள். பால் தாமஸ் ஆண்டர்சன் அதை ஆவணப்படமாக எடுத்தார். படத்தில் மின்சாரம் போகிறது, அறைக்குள் புறா பறக்கிறது. அதைத் துரத்திவிட்டு மறுபடி வாசிக்கிறார்கள்.

பெண்கள்? மாங்கனியார் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டு நிறையத் தெரியும், அது பெண்கள் கூடும் உள்முற்றத்தோடு நின்றுவிடும். பொது மேடைக்கு வருவதைக் குலம் ஒப்புவதில்லை. எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்திலும் இதே மக்கள் உண்டு. 1947-இன் கோடு ஒரே குலத்தை இரண்டாக வெட்டியது. அந்தப் பக்கத்து மாயி தாயி ‘கோக் ஸ்டூடியோ’ என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் பாடி உலகறிந்தவர் ஆனார். இந்தப் பக்கத்தில் ருக்மா பாய் தடையை மீறி மேடையேறினார். மேடையில் நீங்கள் பார்க்கும் சுழலும் கறுப்புப் பாவாடைப் பெண்கள் வேறு குலம், கால்பேலியா. பாம்பாட்டிகள் அவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தொழில் போனது, ஆட்டமே பிழைப்பானது. 2010-இல் யுனெஸ்கோ அவர்கள் பாட்டையும் ஆட்டத்தையும் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் குலாபோ சபேராவுக்குப் பத்மஸ்ரீ.

ஆகவே போகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரவு மேடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தூங்குங்கள். காலையில் கடைவீதி மிளகாய் வடைக்கு எண்ணெய் காய்வதற்கு முன்பே எழுந்து ஜஸ்வந்த் தடாவுக்குப் போய்விடுங்கள். ரனேரி கிராமத்து லாகா கான் போன்ற ஒரு மூத்தவர் சிந்தி சாரங்கியை மார்போடு அணைத்து உட்கார்ந்திருக்கலாம். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். கூட்டம் சின்னது. அவசரமில்லாமல் வில்லை இழுத்து, முதல் சொல்லைப் பாடுவதற்கு முன் ராகத்தை நெடுநேரம் தடவிப் பார்ப்பார். கீழ்வானம் வெளுக்கும்போது சலவைக்கல்லுக்கு ரோஜா நிறம் ஏறும்.

விழா முடிந்ததும் வாத்தியங்கள் திரும்பத் துணிக்குள் போகும். கலைஞர்கள் ஜெய்சல்மேர் பேருந்தில் ஏறுவார்கள். இன்னும் மூன்று, நான்கு வாரத்தில் தேவ் உடனி ஏகாதசி. விஷ்ணு துயிலெழும் நாள் என்று அங்கே கல்யாணங்களுக்குத் தாழ் திறக்கும். புரவலர் வீட்டிலிருந்து ஆள் வரும். மேடையில் பத்து நிமிடத்தில் முடித்த பாட்டை, மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் விடிய விடியப் பாட வேண்டியிருக்கும். நடுவில் ஒரு தாத்தா பெயரை விட்டுவிட்டால் கேட்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.