குடியிருப்போர் இருக்கவே குடியிருப்பைப் புதுப்பித்தல்: வியன்னா மாநகராட்சியின் வழி

வியன்னா நகரின் பழைய வாடகைக் கட்டடங்களில் பெரும்பகுதி 1848க்கும் 1918க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. தொழிற்சாலைகளைத் தேடிப் பேரரசின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்ததில் 1910இல் நகரின் மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தொட்டது. நான்கு, ஐந்து மாடிக் கட்டடங்களின் தெருமுகப்பு அரண்மனைபோல் இருக்கும். உள்ளே ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் வீடு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைபாதையில் எல்லாருக்கும் பொது. சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

முதல் உலகப்போர் நடக்கும்போதே, 1917இல், வாடகைக் கட்டுப்பாடு வந்தது. போருக்குப் பின் விலைவாசி பல மடங்கு ஏறியும் வாடகை ஏறவில்லை. குடியிருப்போருக்கு அது பெரும் பாதுகாப்பு. வீட்டுக்காரருக்கோ கூரையை மாற்றவும் சுவருக்குப் பூச்சு அடிக்கவும் வருமானமும் இல்லை, அக்கறையும் இல்லை. 1919 முதல் 1934 வரை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சியின் நகர நிர்வாகம், நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் கொண்டுவந்த வீட்டுவசதி வரியின் துணையோடு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வீடுகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் அந்தச் சாதனை பழைய வீடுகளை எட்டவில்லை. 1980களின் தொடக்கத்திலும் நகரின் வீடுகளில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல், தனிக் குழாயோ தனிக் கழிப்பறையோ இல்லாத தரக்குறைவான வீடுகளாகவே இருந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் திட்ட வல்லுநர்களுக்கு முதலில் தோன்றுவது இடிப்பதுதான். ஐரோப்பாவின் பல நகரங்கள் 1950களிலும் 60களிலும் அதைத்தான் செய்தன. ஆஸ்திரியாவிலும் 1974இல் நகரப் புதுப்பிப்புக்கென நாடு தழுவிய சட்டம் ஒன்று வந்தது. ஒரு பகுதி முழுவதையும் கையகப்படுத்திப் புதிதாகக் கட்ட அது வழி வகுத்தது. அந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. இடிப்பதை எதிர்த்து மக்கள் திரண்டதும் அதற்கு ஒரு காரணம். வியன்னாவின் ஏழாவது வட்டத்தில் ஷ்பிட்டல்பெர்க் பகுதியின் பழைய வீடுகளைக் காக்க, 1975இல் இளைஞர்கள் அங்கிருந்த ஒரு கட்டடத்தில் நுழைந்து குடியேறினார்கள். அது இன்றும் பண்பாட்டு மையமாக இயங்குகிறது. கணக்கும் இடிப்புக்கு எதிராகவே நின்றது. இடிக்கும் முன் எல்லாருக்கும் மாற்று வீடு தர வேண்டும். புதிய வீட்டின் வாடகையைப் பழைய குடித்தனக்காரர்கள் தாங்க மாட்டார்கள். பகுதி புதுப்பிக்கப்படும், அங்கே இருந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

மாற்று வழி மிகச் சிறிதாகத் தொடங்கியது. 1974இல், தொழிலாளர் வட்டமான ஒட்டாக்ரிங்கில் மாநகராட்சி ஒரு வட்டார அலுவலகத்தைத் திறந்தது. கட்டடக் கலைஞர்களும் சட்டம் தெரிந்தவர்களும் சமூகப் பணியாளர்களும் தெருவில் ஒரு கடை வாசலில் அமர்ந்துகொண்டு, வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் கட்டணமின்றி ஆலோசனை சொன்னார்கள். வாடகை உயர்வு சட்டப்படி சரிதானா, கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது, மானியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பவைதான் அங்கே பெரும்பாலும் வந்த கேள்விகள். பின்னர் இத்தகைய அலுவலகங்கள் பிற வட்டங்களுக்கும் பரவின. அதே காலத்தில் நான்காவது வட்டத்தில் ‘பிளான்குவாட்ராட்’ என்னும் முயற்சி நடந்தது. ஒரே மனைத்தொகுதியின் பின்புற முற்றங்களைப் பிரித்த சுவர்களை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே தோட்டமாக்கச் சொந்தக்காரர்களும் குடியிருப்போரும் இசைந்தார்கள். தொலைக்காட்சி அதைத் தொடர்ந்து படம்பிடித்துக் காட்டியதால், புதுப்பித்தல் என்பது பொறியாளர் அறையில் முடிகிற காரியமல்ல என்று நகரம் முழுவதும் கண்டது.

நல்லெண்ணத்தால் மட்டும் கூரை மாறாது. 1984இல் நகரம் நில ஒதுக்கீட்டுக்கும் புதுப்பித்தலுக்குமாக ஒரு தனி நிதியத்தை நிறுவியதே உண்மையான திருப்பம். சீரமைக்க விரும்பும் வீட்டுக்காரர் இந்த நிதியத்திடம் விண்ணப்பிக்கிறார். கட்டடத்தின் நிலை, தரக்குறைவான வீடுகளின் எண்ணிக்கை, அது அமைந்துள்ள பகுதி ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு முன்னுரிமை தீர்மானிக்கப்படுகிறது. ஆக, நல்ல நிலையில் உள்ள கட்டடத்தின் சொந்தக்காரர் பணத்தை முதலில் அள்ளிக்கொள்ள முடியாது. மானியத்தோடு நிபந்தனையும் வருகிறது: 15 ஆண்டுகளுக்கு வாடகை வரம்புக்கு உட்பட்டது. சீரமைப்புச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அந்த அளவையும் தாங்க முடியாத குடும்பத்துக்கு நகரம் தனியே வாடகை உதவி தருகிறது. கட்டடத்துக்கு ஒரு மானியம், குடும்பத்துக்கு ஓர் உதவி என்று இரண்டையும் பிரித்தது நுட்பமான ஏற்பாடு. மானியத்தைக் கட்டடத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால் அதன் பயன் வீட்டுக்காரரிடமே தங்கியிருக்கும்.

வேலை நடக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. யாரும் வெளியேற வேண்டியதில்லை. முதலில் பொதுப் பகுதிகள்: கூரை, சுவர், மாடிகளை இணைக்கும் குழாய்த் தொடர், மின்தூக்கி. காலியாக உள்ள வீடுகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து, உள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் உள்ள வீடாக்குகிறார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் என்ன மாற்றம் வேண்டும் என்பதை அங்கே இருப்பவரே முடிவு செய்கிறார். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லும் முதியவரின் வீடு அப்படியே விடப்படும். அவர் காலத்துக்குப் பிறகு அதுவும் சீராகும். ஒரு கட்டடம் முழுமை பெற இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். அரசு அறிக்கைகளில் பளிச்சென்று காட்ட முடியாத வேகம் இது. ஆனாலும் நூற்றாண்டு முடிவதற்குள் தரக்குறைவான வீடுகளின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 2010இல் ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு இந்தப் பணிக்காக வியன்னாவுக்கு விருது வழங்கியது.

நிலைத்தன்மை என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே இந்த முறையில் அதன் சாரம் இருந்தது. நிற்கும் செங்கற்சுவரைக் காப்பாற்றினால் புதுச் சிமென்டுக்கும் எஃகுக்கும் ஆகும் எரிபொருள் மிச்சம். இடிபாடுகளைக் கொட்ட இடம் தேட வேண்டியதுமில்லை. 2000 முதல் வெப்பக்காப்புக்கென்றே ஒரு மானியம் சேர்ந்தது. போருக்குப் பிந்தைய, மெல்லிய சுவர் கொண்ட கட்டடங்களுக்கு அது பெரிதும் உதவியது.

இத்தனையும் ஒரு மாநகராட்சியால் முடிந்ததற்கு அதன் அதிகார அமைப்பே காரணம். வியன்னா ஒரே நேரத்தில் நகராட்சியும் மாநிலமும் ஆகும். கட்டட விதிகளை அதுவே இயற்றுகிறது. வீட்டுவசதி மானியமும் அதன் கையில் இருக்கிறது. ஊழியரும் முதலாளியும் சம்பளத்தில் ஒரு சிறு பங்காகச் செலுத்தும் வீட்டுவசதிப் பங்களிப்பு அந்த மானியத்துக்கு ஊற்று. சென்னையில் திட்ட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும், குடிநீர் குடிநீர் வாரியத்திடமும், ஏழைகளின் அடுக்குமாடி வீடுகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமும் பிரிந்து கிடக்கின்றன. எல்லாம் மாநில அமைப்புகள். வியன்னாவின் திட்டங்களை அப்படியே பெயர்த்து நடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டில் தடுக்கி விழுவார்கள்.

வியன்னாவின் வழிக்குக் குறைகளும் உண்டு. 1994இல் வாடகைச் சட்டம் தளர்ந்தது. நல்ல இடத்தில் உள்ள வீட்டுக்குக் கூடுதல் வாடகை கேட்கலாம், கால வரம்புள்ள ஒப்பந்தமும் போடலாம் என்றாயிற்று. அதன் பிறகு மானியமும் அதன் நிபந்தனையும் வேண்டாம் என்று சொந்தச் செலவில் சீரமைக்கும் வீட்டுக்காரர்கள் பெருகினார்கள். மேல்தளப் பரண்கள் விலையுயர்ந்த வீடுகளாயின. முதல் அலுவலகம் திறந்த ஒட்டாக்ரிங்கிலேயே, புரூனன் சந்தையைச் சுற்றிய தெருக்கள் புதுப்பொலிவு பெற்றபோது வாடகையும் ஏறியது. பழைய வாடகைதாரரை விரட்டக் கட்டடத்தைப் பாழாக விட்டு, பிறகு இடிக்கும் வழக்கமும் தலைதூக்கியது. 1945க்கு முந்தைய கட்டடங்களை நகரத்தின் அனுமதியின்றி இடிக்கக் கூடாது என்று 2018இல் விதி திருத்தப்பட்டது. அதே திருத்தத்தில், வீட்டுவசதிக்கென்று புதிதாக ஒதுக்கப்படும் பெரிய மனைகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

இப்போதைய சிக்கல், குடியிருப்போரை வெளியேற்றாத அந்த மென்மையான முறையிலிருந்தே பிறந்தது. வீடு வீடாகச் சீரமைத்ததால் வெப்பமூட்டலும் வீடு வீடாகவே அமைந்தது. சமையலறையிலோ குளியலறையிலோ சுவரில் மாட்டிய எரிவாயுக் கொதிகலன்கள் லட்சக்கணக்கில் நகரில் உள்ளன. 2040க்குள் எரிவாயுவை விட்டொழிக்க வியன்னா உறுதி பூண்டுள்ளது. அதற்குக் கட்டடம் முழுவதற்கும் ஒரே வெப்பக்குழாய் வேண்டும்; அதை நகரின் பொது வெப்ப வலையமைப்போடு இணைக்க வேண்டும் அல்லது நிலத்தடி வெப்பத்தை இழுக்கும் எந்திரம் வேண்டும். இவற்றில் எதைச் செய்தாலும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சுவரைத் துளைத்தாக வேண்டும். வாடகைதாரர் இசையாவிட்டால் என்ன செய்யலாம் என்பதை வாடகைச் சட்டம்தான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது.