வந்து போகிறவர்களா நாம்?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நம்மில் பாதிப் பேர் இன்னமும் கம்பம், போடி, சங்கரன்கோவில் என்றுதான் சொல்கிறோம். அது நம் பாட்டன் புறப்பட்ட ஊர். நாம் பிறந்தது இந்த மலையில். இந்தப் பதிலுக்கு நாம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்தாகிவிட்டது.

மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை தந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர் என்று அதற்குத் தெரியும். இருந்தும், இவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்ற வாதத்தை அது ஏற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நாம் இங்கே நின்றோம். நாலு தலைமுறை கொழுந்து கிள்ளியவன் வந்து போகிறவன் என்றால், நிலைத்தவன் யார்? 1924 வெள்ளத்தில் மூணாறுக் குண்டளை ரயில் அடித்துப் போயிற்று, திரும்ப வரவேயில்லை. ரயில்வேக்காரன் என்பதால் அது நம் நினைவில் நிற்கிறது. ரயில் போனது, கூலிக்காரன் போகவில்லை.

எல்லையை மாற்று என்று கேட்க நாம் இன்று கூடவில்லை. மலையாளம் நமக்குப் பகையும் அல்ல. பாலக்காட்டுச் சிற்றூரில் தமிழ் பேசும் தெருக்களுக்குப் பக்கத்தில்தான் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பார்கள். அந்த மடத்தருகே ஓடும் ஆற்றுக்குத் தண்ணீர் ஆனைமலையிலிருந்து வருகிறது. தைப்பொங்கல் கோலமும் ஓணப் பூக்களமும் நம் பிள்ளைகள் ஒரே வாசலில்தான் போடுகிறார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு வீதியை நிறைத்த நம் பெண்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. அது எந்த மொழி என்று பண்டிதர்கள் தகராறு செய்யட்டும். 232 ரூபாய்க் கூலி 301 ஆனது.

ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே லயத்தைக் காலி செய் என்கிறார்களே, அப்போது நம் தாயகம் எது? பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 பேரை இழந்தோம். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் படுத்திருந்தது தோட்டத்தின் லயத்தில்தான். சொந்த நிலத்தில் அல்ல.

இனி மொழிக்கு வருவோம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு. இவை யாரும் போடும் பிச்சை அல்ல.

சென்ற மாதம் ஒரு விதவைத் தாய்க்காக நாம் தமிழில் மனு எழுதிக் கொடுத்தோம். அந்த அலுவலகத்தில், "மலையாளத்தில் எழுதி வா" என்று திருப்பிவிட்டார்கள். சட்டத்தின் நகலோடு மறுபடி போனோம். வாங்கிக்கொண்டார்கள். பதில் மலையாளத்தில் வந்தது. அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கோபப்படவில்லை, சட்டத்தின் நகலை மட்டும் மறுபடி சேர்த்து வைத்தோம்.

ஒரு மனு என்றால் குப்பைக்கூடைக்குப் போகும். நூறு மனு போனால் எண் போட்டுக் கோப்பில் வைத்தாக வேண்டும். நம் தொழிலே அந்தக் கோப்புத்தான், நமக்குத் தெரியும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ரேஷன் கார்டோடும் பிள்ளைகளின் பள்ளி விவரத்தோடும் இங்கே வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருகிறோம். சொந்த ஊர் என்ற இடத்தில் நீங்கள் பிறந்த எஸ்டேட்டின் பெயரைச் சொல்லுங்கள்.