உத்தியோக விண்ணப்பம் எழுதும் முறை

(ஆம்பூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்கும் உத்தியோக விண்ணப்பத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பண்டு நம் புலவர்கள் வள்ளல்களுக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார்கள். தம் புலமை இத்தகையதென்று கூறி, பெறுவோர் பெருமையையும் கூறி, வேண்டியதைக் கூசாமற் கேட்பது அதன் இயல்பு. ஆதலின் இப்பொருள் எனக்கு முற்றும் புறம்பானதன்று.

நம் குடும்பத்துப் பிள்ளைகள் தம் விண்ணப்பங்களைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொணர்வதுண்டு. அவற்றைப் படிக்குந்தோறும் வருத்தமே மிகுகின்றது. பத்துப்பேர் எழுதிய பத்தும் ஒன்றாகவே இருக்கின்றன! கடின உழைப்பாளி, நேர்மையாளன், புதியன கற்கும் ஆர்வமுடையவன் என்னும் மூன்று தொடர்களை இணையத்து மாதிரியினின்றும் பெயர்த்தெழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். ஒருவன் தோழனுடையதைப் பெயர்த்தபொழுது கம்பெனியின் பெயரை மாற்றவும் மறந்தான்.

மாதிரி வேண்டுமெனின் நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. கணித மேதை இராமாநுசன் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்குக் குமாஸ்தா வேலை வேண்டி ஒரு கடிதம் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 24. எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்; மணமாகியும் நிலையான வருவாயில்லாதவர். அக்கடிதம் மிகச் சிறியது. இன்ன வேலை காலியென்று அறிந்து எழுதுகிறேன் என்று தொடங்குகின்றார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், தகாத சூழ்நிலைகளால் மேலே படிக்க இயலாது போனதையும் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடுகின்றார். அச்சூழ்நிலைகளை விரித்துப் புலம்பவில்லை. படிப்பு நின்றதை மறைக்கவுமில்லை. அதன்பின் தம் காலமெல்லாம் கணிதத்திற் செலவாவதைக் கூறி, இவ்வேலையைச் செவ்வனே செய்ய வல்லேன் என்கின்றார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் நற்சான்றும் அவருக்குத் துணையாயிருந்தது. மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அவரே கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு மற்றொரு கடிதம் எழுதினார். அதனோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தனுப்பினார். துறைமுகக் கடிதத்திலோ ஒரு தேற்றமேனும் இல்லை! கணக்கு எழுத ஆள் தேடுபவருக்கு வேண்டுவது வேறு, கணித வல்லுநருக்கு வேண்டுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். ஹார்டிக்கு எழுதியபொழுதும், ஆண்டுக்கு 20 பவுன் பெறும் குமாஸ்தா யான், சர்வகலாசாலைக் கல்வி எனக்கில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். தம் நிலைமையைச் சொல்ல நாணவில்லை.

இவ்விடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகளைப்பற்றி ஒன்று சொல்ல விரும்புகின்றேன். சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கன் ஒருவன், காலணிக் கம்பெனியொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவிற்கு எழுதிய விண்ணப்பத்துடன் வந்தான். தந்தையின் தொழில் 'வியாபாரம்' என்றிருந்தது. அவன் தந்தை இருபது ஆண்டுகளாகத் தோல் தரம்பிரிப்பவர் என்பதை யான் அறிவேன்.

"ஏன் அப்பா இப்படி எழுதினாய்?" என்றேன்.

"தோல் வேலை என்று எழுதினால் தாழ்வாக நினைப்பார்கள், ஐயா" என்றான்.

அன்பர்களே! அக்கம்பெனி செய்வதே தோற் காலணிதானே! கல்லூரி விடுமுறைகளில் தந்தையின் அருகிலிருந்து என்ன கற்றாய் என்று கேட்டேன். தலை குனிந்திருந்தவன் மெல்லப் பேசத் தொடங்கினான். உண்ணி கடித்த வடு எது, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எது, எவ்வடு சாயத்தில் மறையும், எது மறையாது என்று அரைமணி நேரம் சொன்னான். யான் இவ்வூரிலேயே பிறந்தவன். அவற்றிற் பாதி எனக்குத் தெரியாது. அவன் மறைத்த செய்தியே அவ்விண்ணப்பத்திற்கு உயிராக வேண்டிய செய்தி! அன்றிரவே அதனை நான்கு வாக்கியங்களாக எழுதச் செய்தேன். 'கடின உழைப்பாளி' என்பதை அடித்துவிட்டேன். தந்தையின் தொழிலை அவன் தன் கையாலேயே மாற்றி எழுதினான். எழுதுமுன் சற்றுநேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான்.

நேர்காணலில் ஒரு தோலை அவன் முன் விரித்து, குறை கூறுக என்றார்களாம். வேலை கிடைத்தது. நற்செய்தியை அவன் முதலில் தந்தைக்குச் சொல்லிவிட்டுப் பின்னரே எனக்குச் சொன்னான், அதுவே முறை.

பிற சில்லறைச் செய்திகள். ஒரு பக்கத்திற்கு மேல் எழுதற்க. எந்த வேலைக்கென்பது முதல் வாக்கியத்திலேயே விளங்கவேண்டும். மின்னஞ்சலாயின் அதன் தலைப்பிலும் அது இருக்கட்டும். வீட்டு வறுமையை எழுதுதல் வேண்டா. படிப்பவர் இரங்கலாம், அதற்காக வேலை தரமாட்டார். தேறாத பரீட்சையைத் தேறியதாக எழுதுவோர்க்கு யான் திருத்தித் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிமுதல் நம் சங்கக் கட்டிடத்தில் இருப்பேன். விண்ணப்பம் எழுத விரும்பும் பிள்ளைகள், ஆண்களாயினும் பெண்களாயினும், வேலை விளம்பரத்தையும் வெற்றுத்தாளையும் கொண்டுவருக. மாதிரிக் கடிதங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக.