நமக்கு வேண்டிய உடையை நாமே வடிவமைக்கலாம்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடை வடிவமைப்பு என்றதும், "அதெல்லாம் கல்லூரியில் படிக்கிற பெண்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று இங்கே சில மாமிகள் நினைக்கலாம். ரவிக்கைத் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து, "கழுத்து இவ்வளவு இறக்கம் வேண்டாம், கை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும்" என்று சொல்கிறோமே, அதுவே பாதி வடிவமைப்புதான். மீதிப் பாதி கத்தரிக்கோலில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். படத்தில் இருப்பவளின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. நாம் தினமும் போட்டுக் கொள்ளும் துணியில் எது படுத்துகிறது என்று பாருங்கள். கக்கத்தில் பிடிக்கிறதா, தோளில் நழுவுகிறதா? அந்தக் குறை ஒன்றைத் தீர்ப்பதுதான் உங்கள் முதல் டிசைன்.

நன்றாகப் பொருந்தி, இப்போது நைந்துபோன ரவிக்கை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து ஓரம் வரையுங்கள். தையலுக்கு உள்ளே போன துணியும் அதில் சேர்ந்தே இருப்பதால் தனியாகக் கணக்குப் போட வேண்டாம். பிறகு அந்தத் தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. பழைய வேஷ்டியில் வெட்டி, கையால் ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பார்த்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைக்க வேண்டும். பருத்தியானால் முன்னாலேயே நனைத்து உலர்த்திவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் யாரை நோவது?

துணியைக் கையில் எடுத்து இழுத்தும் பாருங்கள். நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் கொஞ்சம் கொடுக்கும், மூலைவாட்டில் நன்றாக நீளும். கழுத்து வளைவுக்குக் கொடுக்கும் பட்டியைத் தையல்காரர் கிராஸாக வெட்டுவது இதனால்தான்.

ரவிக்கை பயமாக இருந்தால் பேத்திக்குப் பாவாடையில் தொடங்கலாம். வளைவே கிடையாது. பழைய புடவையின் நீளத்தில் இடுப்பளவைப் போல் மூன்று மடங்கு எடுத்துக் கொசுவினால் கரை தானாகக் கீழே வந்துவிடும். உள்பக்கம் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு டக் பிடித்து வைத்தால், குழந்தை வளர வளரப் பிரித்து நாலு அங்குலம் இறக்கிக் கொள்ளலாம். நம் பாட்டிகள் இதற்கு டிசைன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். உறவில் ஒரு பெரியம்மாவுக்கு இடது தோள் இறுகிவிட்டது. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்பார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருகிறது. கை மேலே போகாது, பின்னாலும் போகாது. ரவிக்கை போட இன்னொருவர் உதவி வேண்டும். நாட்டுப்பெண் வேலைக்குப் போகிறவள். அவளைத் தினமும் கூப்பிடக் கூச்சப்பட்டுக் கொண்டு பெரியம்மா நைட்டியோடு இருந்துவிட்டார். கோவில் நின்றது, பஜனை நின்றது. "வயசாச்சு, போறும்" என்று சொல்லிக் கொண்டிருந்தார். காரணம் வயது அல்ல, ரவிக்கை.

அவருக்காகச் செய்ததைச் சொல்கிறேன். இடது பக்கம் கழுத்திலிருந்து தோள் வழியாகக் கை நுனி வரை தைக்காமல் திறந்து விட்டேன். அதற்காகக் கையின் தாளை நடுவில் நீளவாட்டில் இரண்டாக வெட்டி, முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் தோளும் கையும் சேர ஒன்றரை அங்குலம் கூட்டிக் கொண்டேன். ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டுமே! மூடுவதற்கு வெல்க்ரோ, அதாவது கைப்பைகளில் 'பர்ர்' என்று பிரியும் பட்டை. சொரசொரப்பான பட்டை அடித்துண்டில் மேல்நோக்கி, மெத்தென்ற பட்டை மேல்துண்டில் கீழ்நோக்கி, சற்று அகலமாக. அப்போது தோலில் உரசாது, பட்டுப்புடவையின் இழையையும் இழுக்காது. முன்னால் கொக்கிக்குப் பதில் பெரிய பிரஸ் பட்டன். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நூலும் பஞ்சும் ஒட்டிக் கொள்ளும்.

போடுவது எப்படி? ரவிக்கையின் பக்கவாட்டை இடது கக்கத்தடியில் செருகி, வலது கையால் தோளில் மூடிவிட்டு, பிறகு வலது கையை வழக்கம்போல் நுழைத்துக் கொள்ள வேண்டும். இடது கையைத் தூக்கவே வேண்டாம். தலைப்பு இடது தோளில் வருவதால் பட்டை வெளியே தெரியாது. (மடிசாரில் ஐயர் கட்டானால் தலைப்பு வலது தோள், அதற்கு வேறு யோசனை பண்ண வேண்டும்!)

இவ்வளவு இறுக்கம் இல்லாதவர்களுக்குக் கைக்குழியைத் தளர்த்தி, கையை அகலமாக்கினாலே போதும். எதுவானாலும் போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

அந்த ரவிக்கையின் தாள் மாதிரியும், பழைய வேஷ்டியில் தைத்த மாதிரியும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். காபி சாப்பிட்ட கையைத் துடைத்துக் கொண்டு வந்து பிரித்துப் பாருங்கள், வேண்டியவர்கள் தாளில் வரைந்து எடுத்துக் கொண்டு போகலாம்.