சிறுகடையும் ஊரார் கண்களும்
குறைந்த செலவில் வணிகத்தை நினைவில் நிறுத்தும் வழிகள்

(பொழிச்சலூர் வணிகர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வணிகம் செய்வோர்க்கு இரண்டு கவலைகள் உண்டு. நல்ல சரக்கு கிடைக்க வேண்டும் என்பது முதற்கவலை. நல்ல சரக்கு இங்கே இருக்கிறது என்பது ஊராருக்குத் தெரிய வேண்டும் என்பது இரண்டாங்கவலை. முதற்கவலைக்காக இரவும் பகலும் உழைப்போர் பலர், இரண்டாவதைக் காலத்தின் கையில் விட்டுவிடுகின்றனர். விளம்பரம் என்பது பெரும்பணம் படைத்தோரின் வேலை என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

அந்த எண்ணம் இன்று சிறுகடைகளுக்குப் பெருங்கேடாக முடிகிறது. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் ஆகிய பகுதிகளில் தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறி வருகின்றன. புதிதாகக் குடிவருவோர்க்கு ஊர் தெரியாது; கையிலுள்ள தொலைபேசி தெரியும். அடுத்த தெருவில் மாவரைக்கும் நிலையம் இருப்பதை அறியாமலே அவர்கள் எங்கிருந்தோ மாவுப் பொட்டலம் வரவழைக்கின்றனர். சில ஆண்டுகளில் அந்த நிலையம் மூடப்படுகிறது. சரக்கில் குறையில்லை; விலையில் குறையில்லை; இருக்கிறது என்ற செய்திதான் எட்டவில்லை. ஒரு கடை மூடப்படும்போது ஒரு குடும்பத்தின் பிழைப்பும், அக்கடையில் வேலை செய்தோரின் கூலியும், மாதக்கடைசியில் கடன் சொல்லிப் பொருள் வாங்கிய ஏழைகளின் ஆதரவும் சேர்ந்தே போகின்றன.

ஒரு விளக்கே விளம்பரம்

தமிழ் வணிகர்க்கு இக்கலை புதியதன்று. இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் புகார்க் கடற்கரையின் இரவுக் காட்சி ஒன்று வருகிறது. சாந்தும் மலரும் விற்போர் ஒருபுறம், பணியாரம் விற்போர் ஒருபுறம், மீன் விற்போர் ஒருபுறம் என ஒவ்வொருவரும் தத்தம் விளக்கை ஏற்றி வைத்திருக்கின்றனர். யாருடைய விளக்கு எது என்று புலவர் பிரித்துக் காட்டுகிறார். இருட்டில் வருகின்றவன் விளக்கைக் கண்டே கடையை அறிந்தான்.

இன்றைய சிறுகடைக்கும் இதுவே முதற்பாடம். மங்கிய பெயர்ப்பலகை, எரியாத குழல்விளக்கு, கதவை மறைக்கும் அட்டைப்பெட்டிகள் ஆகியவை வருவோரைத் திருப்பி அனுப்புகின்றன. பலகையைத் துடைத்து, எழுத்தைப் புதுப்பித்து, எதிர்த்தெருவில் நின்று பார்த்தால் படிக்க முடிகிறதா என்று சோதிப்பதற்கு ஆகும் செலவு மிகக்குறைவு. கடையின் பெயரைவிடக் கடையில் கிடைக்கும் பொருள் பெரிய எழுத்தில் இருத்தல் நலம். முன்னோர் பெயரில் நடக்கும் கடை என்பது குடும்பத்தார்க்குப் பெருமை. தைக்கும் கடையா, மருந்துக் கடையா என்பதே வழிப்போக்கனுக்குத் தேவை.

கடலூர் காட்டிய வழி

சிறு முதலில் பெரும் பெயர் பெற்றதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், திரவப் பொருள்களையும் தூள்களையும் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக விளங்கியவர். புட்டியாக வாங்க இயலாத உழைப்பாளியும் ஒரு வேளைக்குரியதை வாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். தந்தையின் பெயரெழுத்துகளே அப்பொருளின் பெயராயின. அந்நிறுவனமே பின்னர் கெவின்கேர் என வளர்ந்தது.

பெரிய நிறுவனங்களோடு விளம்பரச் செலவில் போட்டியிட அவரிடம் பணம் இல்லை. எனவே மக்கள் கூடும் இடத்துக்கே அவருடைய ஆட்கள் சென்றனர். ஊர்நடுவில் ஒரு சிறுவனின் தலையில் ஷாம்பு தேய்த்துக் கழுவிக் காட்டினர். கூடியிருந்தோரை அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையே விளம்பரம் காட்டி, முடிவில் இலவசப் பொட்டலம் வழங்கினர். அடுத்து ஒரு திட்டம் வந்தது. எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையாயினும் காலி உறை ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பொட்டலம் இலவசம். சில காலம் கழித்து, சிக் உறைகளுக்கு மட்டுமே இலவசம் என்று அது மாற்றப்பட்டது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 இலட்சம் ரூபாயாக உயர்ந்ததென ரங்கநாதன் பேட்டியில் கூறியுள்ளார்.

இத்திட்டத்தின் நுட்பம் கருதத்தக்கது. முதற்கட்டத்தில் போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் அனைவரும் தாமாகவே தேடி வந்தனர், பொருளைச் சுவைத்தனர். இரண்டாங்கட்டத்தில் அவர்கள் தங்கினர். செலவானது விளம்பரத்துக்கன்று, பொருளுக்கே. பொருள் தரமானதாக இருந்தமையால் அச்செலவு வீணாகவில்லை. பொழிச்சலூரில் ஊறுகாய் செய்யும் ஓர் இல்லத்தரசியும், பலகாரக் கடைக்காரரும் இதனையே பின்பற்றலாம். ஆயிரம் துண்டறிக்கை அச்சிடும் பணத்தில் நூறு வீடுகளுக்குச் சிறு மாதிரிப் பொட்டலம் கொடுத்தால், துண்டறிக்கை குப்பைக்குப் போகும். மாதிரிப் பொட்டலம் நாக்குக்குப் போகும்.

பயன்படும் பொருளே நிலைக்கும் விளம்பரம்

தமிழகத் துணிக்கடைகள் நெடுங்காலம் வழங்கிய மஞ்சள் பையை எண்ணிப் பார்க்கலாம். பட்டுப்புடவையோடு வந்த அப்பை, பின்னர்ச் சந்தைக்குப் போயிற்று, பேருந்தில் ஏறிற்று, நீதிமன்றத்துக்குக் கட்டுகளைச் சுமந்தது, கல்யாண வீட்டில் தாம்பூலப் பையாயிற்று. போன இடமெல்லாம் கடையின் பெயரும் ஊரும் போயின. கடைக்காரர் ஒருமுறை கொடுத்த கூலிக்குப் பல ஆண்டுகள் அது உழைத்தது. நெகிழிப்பை வந்தபின் அவ்வழக்கம் தேய்ந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை கொடுக்கும் சிறுகடை இன்று விளம்பரமும் செய்கிறது, மண்ணுக்கு நன்மையும் செய்கிறது.

சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியும் அத்தகையதே. நல்ல நேரம், இராகு காலம், திதி, விடுமுறை ஆகியவற்றை அறிய வீட்டார் நாள்தோறும் அதைப் பார்க்கின்றனர். தாள் கிழிகிறது; மேலே அட்டையில் உள்ள கடைப்பெயர் 365 நாளும் நிற்கிறது. வாங்கியவுடன் எறியப்படும் துண்டறிக்கையையும், ஆண்டு முழுதும் ஆணியில் தொங்கும் நாட்காட்டியையும் ஒப்பிட்டால் எது மலிவு என்பது விளங்கும். எனினும் நாட்காட்டியை எல்லார்க்கும் கொடுக்க வேண்டுவதில்லை. ஆண்டில் பலமுறை வந்த வாடிக்கையாளர்க்கு அவர் பெயர் சொல்லிக் கையில் கொடுத்தால் போதும்.

பொருளின் வரலாறே பேசட்டும்

பக்கத்து ஊரான அனகாபுத்தூர் நெசவாளர்களின் ஊர். ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்னும் துணியை அங்கே நெய்து ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவுக்கு அனுப்பினர். அந்த ஏற்றுமதி நலிந்தபின் தறிகள் குறைந்தன. எஞ்சியவர்களில் சிலர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்யத் தொடங்கினர். அப்புதுமை செய்தித்தாள்களையும் தொலைக்காட்சிகளையும் அவர்கள் வாசலுக்கு வரவழைத்தது. பிறரிடம் இல்லாத ஒன்று இருந்தால் அதைப் பற்றிச் சொல்லப் பிறரே முன்வருவர் என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு சிறுகடையும் தன்னிடம் மட்டும் உள்ளது எது என்று ஒரு வரியில் சொல்லப் பழக வேண்டும். மரச்செக்கு எண்ணெயா, வீட்டுக்கே வந்து அளவெடுக்கும் தையலா, இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் மருந்துக்கடையா? அந்த ஒரு வரியே பலகையிலும், பையிலும், பேச்சிலும் வர வேண்டும்.

கைப்பேசியில் கட்டணமில்லா வழிகள்

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம், வாரவிடுமுறை, நான்கைந்து தெளிவான படங்கள் ஆகியவற்றைச் சேர்த்தால், ‘அருகில் உள்ள தையற்கடை’ என்று தேடுவோர் கண்ணில் அது படும். பொழிச்சலூர் என்னும் பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறாகவும் எழுதுகின்றனர். ஆதலின் தமிழ்ப்பெயரையும் குறிப்பிட்டு, அருகிலுள்ள தெரிந்த அடையாளத்தையும் விவரத்தில் சேர்த்தல் நலம். பண்டிகை நாளில் கடை மூடியிருப்பின் அதனை முன்னரே குறிக்க வேண்டும். வரைபடத்தை நம்பி வந்து பூட்டைக் கண்டு திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

2018-இல் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் சிறு வணிகர்க்கு இலவசமே. பொருள்களின் படமும் விலையும் கொண்ட பட்டியலை அதில் அமைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு விடையை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஒரே செய்தியைப் பலர்க்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல், கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கே சென்றடையும். எனவே ‘எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதே முதல் வேலை. நாள்தோறும் காலை வணக்கப் படம் அனுப்புவோரை மக்கள் விலக்கிவிடுவர். மாதம் இருமுறை, பயனுள்ள செய்தி மட்டும் அனுப்புதல் சாலும்.

பேரேட்டில் உறங்கும் செல்வம்

புது வாடிக்கையாளரைத் தேடும் ஆவலில் பழையவரை மறப்பது பெரும்பிழை. தீபாவளியில் புதுக்கணக்கு எழுதும் வணிகக் குடும்பங்களில் பழைய பேரேடுகள் பரணில் கிடக்கின்றன. அவற்றில் உள்ள பெயர்களே முதல் விளம்பரப் பட்டியல். சென்ற ஆண்டு பள்ளிச் சீருடை தைத்தவர்க்கு மே மாதத்தில் ஒரு செய்தி. தண்ணீர் வடிகட்டி வாங்கியவர்க்கு அதைப் பழுதுபார்க்க வேண்டிய காலத்தில் ஓர் அழைப்பு. இதற்குச் செலவு சில நிமிடங்களே. எங்கிருந்தோ பொருள் அனுப்பும் பெருநிறுவனம் செய்ய இயலாத ஒன்று, பெயர் சொல்லி நலம் விசாரிப்பது.

ஊரின் நடமாட்டத்தையும் கவனிக்க வேண்டும். பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளில் வெளியூர் அன்பர்கள் பலர் வருகின்றனர். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. அந்நாள்களில் கடையை முன்னதாகத் திறந்து, வாசலில் குடிநீர்ப் பானை ஒன்று வைத்தால் நிற்பவர் கண் உள்ளே திரும்பும். தையற்கடைக்காரர் துணிக்கடையையும், துணிக்கடைக்காரர் தையற்கடையையும் பரிந்துரைப்பது இருவர்க்கும் ஆதாயம். போட்டியில்லாத ஐந்து கடைகள் சேர்ந்து ஒரு நாட்காட்டி அச்சிட்டால் செலவு ஐந்தில் ஒன்றாகும்.

எல்லை கடவாமை

கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பிறர் கண்ணை மறைத்தல் ஆகாது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், சாலை நடுவில் வைத்திருந்த பதாகை சரிந்து விழுந்து, இருசக்கர வண்டியில் வந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அப்பதாகை வைத்தது வணிகக் கடையன்று; ஆயினும் அனுமதியின்றிச் சாலையில் பலகை வைக்கும் ஒவ்வொருவரும் அதனை நினைத்தல் வேண்டும். நடைபாதையில் நிறுத்திய பலகை முதியோரைச் சாலையில் இறங்கி நடக்கச் செய்கிறது. மரத்தில் அடித்த ஆணியும் ஓர் உயிர்க்குச் செய்யும் துன்பமே.

பொய் விளம்பரமும் அவ்வாறே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். சட்டத்துக்கு முன்பே சமண ஆசிரியர்கள் இதனைத் தெளிவாக உரைத்தனர். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஏற்படும் குற்றங்களுள் கள்ள அளவையும், கலப்படப் பொருளை நல்லதென விற்றலும் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளன. விலையை ஏற்றி எழுதிப் பின் பாதியாகக் குறைத்துக் காட்டுவதும், உறவினரைக் கொண்டு பொய்யான புகழுரை எழுதுவிப்பதும் அவ்வகையினவே. கடையைப் பலர்க்குத் தெரியச் செய்யும் கருவி, கடையின் குற்றத்தையும் பலர்க்குத் தெரியச் செய்யும் என்பதை மறத்தல் கூடாது.

தொடங்கும் முறை

அனைத்தையும் ஒரே நாளில் செய்ய முனைந்தால் எதுவும் நிலைக்காது. முதல் வாரம் பலகையும் விளக்கும். இரண்டாம் வாரம் வரைபடப் பதிவு. மூன்றாம் வாரம் பேரேட்டிலிருந்து நூறு பெயர்கள். நான்காம் வாரம் மாதிரிப் பொட்டலம் அல்லது துணிப்பை. புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும், ‘கடையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் கோடிட்டு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து எந்த வரியில் கோடுகள் மிகுதியோ, அதிலே பணத்தைச் செலவிடலாம். கோடு விழாத வழியை விட்டுவிடலாம். விளம்பரத்தின் வரவு செலவை அறிய இதனினும் எளிய கணக்கில்லை.

நல்ல பொருள், நேர்மையான விலை, இடைவிடாத நினைவூட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறுகடை நிலைக்கும். கடைகள் நிலைத்தால் ஊரில் வேலையும் நிலைக்கும், அறமும் நிலைக்கும். இப்பகுதி வணிகர் அனைவரும் நன்முறையில் பொருளீட்டி நலம்பெற வாழ்த்துகள்.